பெஞ்சு திரும்புகிற மாடிப்படி

"சார், பெஞ்சை நடு ரூமுல எடுத்துப் போட்டுட்டோம்."

பெரம்பூர் சபாபதி தொலைபேசியில் முதலில் சொன்னது இவ்வளவுதான். எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் காலை ஷிப்ட் தொடங்கி, போல்ட்டும் நட்டும் கேட்டு ஆட்கள் ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்த நேரம். வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதோ தச்சு வேலை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு விளங்கிவிட்டது. சவரியம்மாள் அத்தை போய்விட்டார். அந்தக் குடியிருப்பில் அத்தையின் பெஞ்சு நடு அறைக்கு வருகிறது என்றால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. அத்தைக்குக் கல்யாண வயது தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

"எப்படி சபாபதி?" என்றேன்.

"விடிகாலைல காபி போட்டு எங்க வூட்டுக்காரிக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க. 'கொஞ்சம் குந்திக்கிறேன்'னாங்க. குந்தினவங்கதான் சார்." பிறகு சொன்னார்: "நீங்க பதறாம வாங்க. ஆளுங்க கீறாங்க."

ஆளுங்க கீறாங்க. இந்த இரண்டு சொற்களைத் தேடித்தான் அத்தை பட்டணத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அத்தையின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த நீங்கள் ஆளுக்கொரு விதமாக அந்தக் கதையைச் சொன்னீர்கள். ஒருவர் அத்தை கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார் என்றார். இன்னொருவர் காலிச் சவப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்லி எனக்குப் புரையேற வைத்தார். பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

ஒரகடத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அத்தைக்குப் பதவி எதுவும் கிடையாது. ஆனால் மாதா கோயிலில் துக்க மணி அடித்தால், சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அத்தை சாவு வீட்டில் இருப்பார். பந்தல் யார் போடுவது, குழி வெட்ட யார் போவது, அழுகிறவர்களுக்கு யார் காபி கொடுப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அவர் வீட்டுக் கூடத்தில் கிடந்த ஆறடி பலாமர பெஞ்சு ஊருக்கே பொது. இறந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவது அதில்தான், பெட்டியை வைப்பதும் அதில்தான். அடுத்த வாரமே கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைப்பதும் அதில்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் முந்தைய விவரங்களைச் சொல்லும் வழக்கம் இல்லை.

ஞானப்பிரகாசம் மாமா இறந்த பிறகு அத்தை அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகன் லூர்து, வீட்டை விற்றுவிட்டுப் பட்டணத்தில் சின்னதாக ஒரு பிளாட் வாங்குவது என்று தீர்மானித்தான்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல, பேங்க் பக்கத்துல, நல்ல ஏரியாவா பாக்கலாம்மா."

"ஆஸ்பத்திரி பக்கத்துல கீறவங்கல்லாம் சாவறதில்லியா?" என்றார் அத்தை.

லூர்து தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினான்.

அத்தைக்குப் பட்டணம் பிடிக்காமல் இல்லை. பட்டணத்துப் பாதாம் பாலுக்காகவே வலிக்காத பல்லை டாக்டரிடம் காட்டப் போவார். ஒரே ஒரு சாவுதான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. மாமாவின் அண்ணன் பட்டணத்தில் ஒரு பிளாட்டில் மூன்றாம் மாடியில் இருந்தவர், அங்கேயே இறந்துபோனார். அத்தையும் நானும் போயிருந்தோம். மாடியில் இருந்த எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்க பஸ் நிலையத்திலிருந்து நான்கு பேரைக் கூலிக்குப் பிடித்து வந்தார்கள். படி திரும்பும் இடத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. அந்த நான்கு பேரும் பீரோ இறக்கிப் பழகியவர்கள். பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி இறக்கினார்கள். அப்போதுதான் ஒரு கதவு திறந்தது. "சுவத்துல பெயின்ட் போயிடப் போவுது, பாத்து" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறுகையில் அத்தை சொன்னார். "நிக்க வெச்சி இறக்கினாங்கடா அந்தோணி. பாவம், மனுசன் சாவற வரைக்கும் ரேசன் கடையில நின்னாரு. செத்தப்புறமும் நிக்க வெச்சிட்டாங்க." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். மாமா இறந்தபோதுகூட அத்தைக்கு அழ நேரமில்லை, வேலை இருந்தது.

ஆகவே வீடு பார்க்கப் போகும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் பெஞ்சோடு புறப்பட்டு நின்றதற்கு நான் காரணத்தை ஊகித்திருக்க வேண்டும். "கட்டில் மாடிக்குப் போவுமா போவாதான்னு பாக்கணும். கட்டிலைத் தூக்கினு வர முடியுமா? பெஞ்சும் அதே நீளந்தான்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பெஞ்சின் மறுமுனைக்கு மாமாவின் நிலத்தைப் பயிர்வைத்து வந்த முனுசாமியைக் கூப்பிட்டிருந்தார். முனுசாமிக்குப் பட்டணம் போய்ப் பிரியாணி சாப்பிடலாம் என்று ஆசை காட்டப்பட்டிருந்தது. எனக்கு அன்றைக்கு ஓ.டி. சம்பளம் போனதுதான் மிச்சம்.

பெஞ்சு பஸ்ஸின் கூரையில் ஏறியது. "யாருக்கும்மா இது, பள்ளிக்கூடத்துக்கா?" என்றார் கண்டக்டர். "எனக்குத்தான்யா, படுக்கறதுக்கு" என்றார் அத்தை. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கேட்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரி வந்ததும் முனுசாமி எழுந்து நின்று, "தண்ணி கம்மியா கீது" என்று பஸ்ஸுக்கே அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஞாயிறும் இதையே அறிவித்தார். மழை பெய்த வாரத்திலும் இதையே அறிவித்தார்.

முதலில் அண்ணா நகர். லூர்து ஆசைப்பட்ட இடம். அகலமான தெரு, வரிசையாக மரங்கள், வாசலில் வாட்ச்மேன். மாடிப்படியில் மொசைக் பளபளத்தது. பெஞ்சை ஏற்றிவிட்டோம். இறக்கும்போது முதல் திருப்பத்தில் அத்தை அதட்டினார்.

"தலைய முன்னாடி விடாதீங்க! காலு முன்னாடி வரணும்."

முனுசாமி நின்றுவிட்டார். "யம்மா, பெஞ்சுக்கு ஏதும்மா தல, காலு?"

"பெஞ்சுக்கு இல்ல முனுசாமி. எனக்கு."

முனுசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. தன் பக்கத்து முனையை அப்படியே மொசைக்கில் வைத்துவிட்டுக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நான் பிரியாணின்னு சொன்னாங்கன்னுதானே வந்தேன்" என்று என்னைப் பார்த்து முறையிட்டார். அத்தை மட்டும் படியில் நிதானமாக உட்கார்ந்து விஷயத்தை உடைத்தார். "இன்னா பயம்? போறது நான்தானே. எங்க பெட்டி சாயாம இறங்குதோ, தூக்க நாலு பேரு தானா வராங்களோ, அங்கதான் நான் இருப்பேன். இத லூர்துகிட்ட சொன்னா அழுவான். உங்ககிட்ட சொல்லிட்டேன். தூக்குங்க."

தூக்கினோம். படி நல்ல அகலம், பெஞ்சு தாராளமாகத் திரும்பியது. ஆனால் நாங்கள் முட்டி மோதி இறங்கிய அந்த நேரம் முழுக்க ஒரு கதவும் திறக்கவில்லை. கதவுகளில் வெளியே பார்க்கிற ஓட்டைகள் மட்டும் இருண்டு இருண்டு வெளுத்தன. கீழே வந்ததும் வாட்ச்மேன், சாமான்களைப் பின்பக்கப் படியில்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். அத்தை மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "கதவுக்கெல்லாம் கண்ணு வெச்சிகினு கீறாங்க. கை வெக்கலியே" என்றார். அண்ணா நகர் அதோடு முடிந்தது.

சாந்தோம் நான் சொன்ன யோசனை. கடல் காற்று, கோயில் மணி கேட்கும் தூரம், எல்லாம் நம்மவர்கள். கட்டடம் பழையது. மாடிப்படி முறுக்கு பிழிந்ததுபோல் வளைந்து வளைந்து போனது. பாதியில் பெஞ்சு சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேலே இருந்தவர்கள் மாலைப் பூசைக்குப் போக வேண்டும். கீழே இருந்தவர்கள் முந்தைய பூசையிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாரும் அன்பானவர்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு பெரியவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பெஞ்சை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டுமென்று ஆங்கிலத்தில் விளக்கினார். ஓர் அம்மாள் புனித அந்தோணியாரை வேண்டிக்கொள்ளச் சொன்னார். நானே அந்தோணிதான், எனக்கே வழி தெரியவில்லை. கடைசியில் முனுசாமி பெஞ்சுக்கு அடியில் படுத்து, காலால் உதைத்து விடுவித்தார்.

"யோசனை சொல்ல ஊரே வந்துச்சி. புடிக்க ஒருத்தர் வரலியே" என்றார் அத்தை. அன்றைக்கும் முனுசாமிக்குப் பிரியாணி கிடைக்கவில்லை. கடைகளெல்லாம் அடைத்திருந்தன.

இதற்குள் நான்கைந்து ஞாயிறுகள் போயிருந்தன. ஊர் வீட்டை வாங்க ஒருவர் முன்பணத்தோடு காத்திருந்தார். லூர்து மஸ்கட்டிலிருந்து ட்ரங்க் கால் போட்டு, பெரிய வீட்டில் தனியாக இனி ஒரு மழைக்காலம் வேண்டாம் என்று என்னிடம் கத்தினான். நான் அத்தையிடம் பட்டும் படாமலும் சொன்னேன். அத்தை கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன்டா, நான் ரொம்ப பேஜார் பண்றனா? ஊர்ல இத்தினி பேரைத் தூக்க ஆள் சேத்தேன். எனக்குன்னு வரும்போது பஸ் ஸ்டாண்டுல ஆள் புடிக்கிற மாரி ஆயிடுமோன்னுதான்." அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அடுத்த ஞாயிறுதான் பெரம்பூர். பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் மாடி. கீழே குழாயடியில் குடங்களின் வரிசை. படியோரத்துச் சுவரில் வெற்றிலைக் கறை. ரயில் போனால் ஜன்னல் நடுங்கியது. வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வுபெற்று, சொந்த ஊருக்குப் போகிறவர். இத்தனை ஞாயிறுகளில் அத்தை ஒரு வித்தையும் கண்டுபிடித்திருந்தார். முதல் மாடியை அடைந்ததும், "செவுத்துல ரெண்டு தபா இடிங்க" என்று எங்களுக்குக் கண்ணைக் காட்டினார். இடித்தோம்.

கதவுகள் திறந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் படி நிறைந்துவிட்டது. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, கையில் ரேசரோடு, லுங்கி கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். அவர்தான் சபாபதி.

"இன்னாபா, ரெண்டு பேரா தூக்குவாங்க? வெலகு, வெலகு. யம்மா, நீ ஓரமா வா."

நாங்கள் வீடு பார்க்க வந்தவர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெஞ்சு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மூன்றாம் மாடியில் வீட்டுக்காரரின் கூடத்தில் அதைப் போட்டு, அத்தையை அதில் உட்கார வைத்து, சபாபதியின் மனைவி டீயும் கொண்டுவந்துவிட்டார். "என்னிக்கு பால் காய்ச்சறீங்க?" என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்காரர் இன்னும் விலையைக்கூடச் சொல்லவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் கிடந்த பெஞ்சையும் அதில் உட்கார்ந்து டீ குடிக்கும் அம்மாளையும் பார்த்து, தான் எப்போது காலி செய்தோம் என்று யோசிக்கிறவர்போல் நின்றார்.

அத்தை டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நான் எதைக் கேட்டுவிடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேனோ, அதையே கேட்டார்.

"ஏம்பா, இந்தப் படியில பெட்டி இறங்குமா?"

முனுசாமி மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். சபாபதி மட்டும் தாடையைத் தேய்த்துக்கொண்டு, ஒர்க்ஷாப்பில் யாரோ அளவு கேட்டதுபோல யோசித்தார்.

"எங்க மாமியாரு போன வருசம் இந்தப் படியிலதாம்மா இறங்கினாங்க. திரும்பற எடத்துல எடது பக்கம் கீறவன் தூக்கணும், வலது பக்கம் கீறவன் தாழ்த்தணும். ஆடாம வரும்."

"நிக்க வெக்கலியே?"

"நிக்க வெக்கறதா? இன்னாமா பேசற! பெத்தவங்கள யாராச்சும் நிக்க வெப்பாங்களா?"

அத்தை என் பக்கம் திரும்பினார். "லூர்துக்கு போன் போடு" என்றார்.

லூர்து பெரம்பூர் என்றதும் தாம்தூம் என்று குதித்தான். ரயில் சத்தம் என்றான், கொசு என்றான், மூன்று மாடி என்றான். "ரயில் சத்தத்துக்கு கொசு பயந்துக்கும்" என்று அத்தை அடித்துச் சொன்னார். மூன்று மாடி என்றதற்கு மட்டும் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "ஏறும்போதுதானே கஷ்டம். இறங்கும்போது நான் நடக்கப் போறதில்ல" என்று என் காதில் சொன்னார். அதை நான் மஸ்கட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு முனுசாமிக்குப் பிரியாணி கிடைத்தது. சபாபதி வீட்டிலேயே.

ஐந்தாறு வருஷம் அத்தை அங்கே இருந்தார். இல்லை, ஆண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். யார் வீட்டு விசேஷத்துக்கும் பெஞ்சு இறங்கும், ஏறும். இரண்டாம் மாடியில் ஒருவர் புது பீரோ வாங்கி, வீட்டில் இடமில்லாமல் படி திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டார். அத்தை அதன் முன் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏம்பா, இத இங்க வெச்சிட்டா நாளைக்கி நான் எப்பிடி திரும்பறது?" பாவம், அந்த மனிதர் அத்தைக்குக் குழாயடிக்குப் போக வழியில்லை என்று நினைத்து, "பக்கவாட்டுல போலாமே பாட்டி" என்றார். விளக்கம் கிடைத்ததும் பீரோ அன்று மாலையே வீட்டுக்குள் போனது. அதற்குப் பிறகு அந்தப் படியில் யாரும் ஒரு செருப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆவடியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு ஒருமுறை வந்தார். உள்ளே வருவதற்கு முன்பே எதிர்க் கதவைப் பார்த்து, "இங்க யாரு?" என்றார். "நீல ஸ்கூட்டர் வெச்சிருக்காரு அத்தை." "ஸ்கூட்டர் இருக்கட்டும். பேரு இன்னா?" எனக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது அத்தை என்னை அடிக்கடி பரிதாபமாகப் பார்த்தார்.

அத்தை போன அன்று நான் பெரம்பூர் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது. கோயிலுக்குச் சொல்லியாகிவிட்டது, மஸ்கட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, அழுகிறவர்களுக்குக் காபி வந்துகொண்டிருந்தது. லூர்து மறுநாள் வந்து இறங்கினான். படியிலிருந்து தெருமுனை வரை நின்ற கூட்டத்தைப் பார்த்து, "இவங்கல்லாம் யாருடா?" என்றான். அவனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாமியாரின் மந்திரிப்பு ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. முனுசாமி ஒரகடத்திலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார். நானும் அவரும் முன்னால் போனோம். எங்களைவிட அத்தைக்காகப் படிகளில் பாரம் தூக்கியவர்கள் யார்? ஆனால் கை வைக்க இடம் கிடைக்கவில்லை. பெட்டியே தெரியாத அளவுக்குக் கைகள். லூர்துக்கு மட்டும் மகன் என்று ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டோம். திருப்பத்தில் சபாபதியின் குரல் கேட்டது: "எடது தூக்கு, வலது தாழ்த்து. மெதுவா, மெதுவா. சாயக் கூடாது." பெட்டி சாயவில்லை. கால் முன்னாடி, ஆடாமல், அத்தை இறங்கிப் போனார்.

முனுசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "எத்தினி நாளு தூக்கினோம் சார். இன்னிக்கி கை வெக்க எடம் இல்லியே" என்று விம்மினார். அழுதுகொண்டே சிரித்தார். நானும் அப்படித்தான் செய்தேன்.

பெஞ்சு எனக்கென்று அத்தை சொல்லி வைத்திருந்தாராம். "அந்தோணிக்குதான் அது வேணும்" என்றாராம். உங்களுக்கு வேண்டாமா என்று சபாபதியைக் கேட்டேன். "அளவெடுத்துக்கினேன் சார். ஒர்க்ஷாப் கார்ப்பென்டர்கிட்ட சொல்லிக்கீது" என்றார்.

அத்தையிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த பெஞ்சும், சுவரில் இரண்டு முறை இடிக்கிற அந்த வித்தையும்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வேன்காரர் பெஞ்சை ஆவடியில் தெருவோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு முனையும் என் மனைவி ஒரு முனையுமாக ஏற்றினோம். படி திரும்பும் இடத்தில் நான் வேண்டுமென்றே ஒருமுறை இடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி முறைத்தாள். இன்னொரு முறை இடித்தேன்.

எதிர்க் கதவு திறந்தது. நீல ஸ்கூட்டர்க்காரர் பனியனோடு வெளியே வந்தார். "இன்னா சார், அம்மாவ தூக்க வெச்சிகினு! கூப்பிட்டா வர மாட்டனா? வுடுங்கம்மா" என்று மறுமுனையை வாங்கிக்கொண்டார். இடது பக்கம் தூக்கச் சொன்னேன். தூக்கினார். பெஞ்சு நன்றாகத் திரும்பியது. கூடத்தில் போட்டதும் அதிலேயே உட்கார்ந்து, பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம் சார். இன்னாத்துக்கு இவ்ளோ நீளம்?"

"அதைப் பிறகு சொல்றேன்" என்றேன். "முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."